ஈலியிலிருந்து கிங்ஸ் லின் வரை: மூட்டுவலி உள்ளவர் ஒரே நாளில் சைக்கிளில் போய்விட முடியுமா?

வைகறை, ஏப்ரல் 27

அனைவருக்கும் வணக்கம். என் மனைவிக்கு 52 வயது. இரண்டு ஆண்டுகளாக வலது முழங்காலில் வலி இருக்கிறது. சைக்கிள் ஓட்டுவது மூட்டுக்கு நல்லதுதான், ஆனால் ஏற்றங்களில் அழுத்தி மிதிக்கக் கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருப்பதால், குளிர்காலம் முழுவதும் பூங்காவைச் சுற்றியே ஓட்டிப் பழகி, இப்போது வலியில்லாமல் 20 கி.மீ. வரை ஓட்டுகிறார். மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை அவரை வெளியே அழைத்துப் போக விரும்புகிறேன். எங்கே போகலாம் என்று கேட்டபோது அவர் சொன்ன பதில் இது: "மேடே இல்லாத நிலம் வேண்டும், பக்கத்தில் ஆறு ஓட வேண்டும், நடுநடுவே இறங்கி உட்கார ஒரு பழைய தேவாலயம் இருக்க வேண்டும்." பழைய மரச்சிற்பங்கள் என்றால் அவருக்கு உயிர்.

வரைபடத்தைப் பார்த்தால், கிழக்கு இங்கிலாந்தில் ஈலியிலிருந்து வடக்கே கிங்ஸ் லின் வரை கிரேட் ஊஸ் ஆற்றை ஒட்டிய வழி இதற்குப் பொருத்தமாகத் தெரிகிறது. என் கேள்விகள் மூன்று. சுமார் 50 கி.மீ. என்பது இவருக்கு அதிகமா? ஆற்றங்கரைப் பாதையில் போவது நல்லதா, சாலையில் போவது நல்லதா? வழியில் உள்ள தேவாலயங்கள் சனிக்கிழமையில் திறந்திருக்குமா? எங்கள் இருவரிடமும் இருப்பவை சாதாரண ஹைபிரிட் சைக்கிள்கள்.

கரையோரம், ஏப்ரல் 27

வணக்கம் வைகறை. தூரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், காற்றைப் பற்றிக் கேட்கவில்லை. ஃபென் என்ற அந்தச் சதுப்பு வடித்த சமவெளியில் முதலில் கேட்க வேண்டியது காற்றைத்தான். அங்கே மேடும் இல்லை, மறைப்பும் இல்லை. வேலியோ தோப்போ இல்லாமல் கோதுமையும் உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் விளையும் வயல்கள் அடிவானம் வரை விரிந்து கிடப்பதால், மேற்கே கிளம்பிய காற்று உங்கள் நெஞ்சில் வந்து மோதும் வரை அதைத் தடுக்க எதுவும் கிடையாது. நீங்கள் மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிரே 16 கி.மீ. வேகக் காற்று வீசினால், உங்கள் உடல் சந்திக்கும் காற்றின் வேகம் 32 கி.மீ. ஆகிவிடும். தடை அந்த வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், அது நான்கு மடங்காகிறது. முழங்காலுக்கு அதுவும் ஓர் ஏற்றம்தான். மலையேற்றத்துக்காவது உச்சி என்று ஒன்று உண்டு, இதற்கு அது கிடையாது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் நானும் என் தம்பியும் இதைக் கணக்கில் கொள்ளாமல், தென்மேற்குக் காற்று பலமாக வீசிய ஒரு நாளில் லின்னிலிருந்து தெற்கு நோக்கிக் கிளம்பினோம். வழியில் உள்ள டென்வர் என்ற ஊர் வருவதற்குள் மூன்று மணி நேரம் போய்விட்டது. இருவருமே அப்போது வாரம் 100 கி.மீ. ஓட்டிக்கொண்டிருந்தவர்கள். அன்று தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தாலும் காற்றின் இரைச்சலில் என் காதில் விழுந்திருக்காது.

ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் வழிக்கு ஓர் அருமையான வசதி உண்டு. ஈலியையும் கிங்ஸ் லின்னையும் இணைக்கும் ரயில் பாதை ஏறக்குறைய அதே திசையில் ஓடுகிறது. நடுவில் லிட்டில்போர்ட், டவுன்ஹாம் மார்க்கெட், வாட்லிங்டன் என்று மூன்று நிலையங்கள் இருக்கின்றன. எனவே எந்தத் திசையில் ஓட்டுவது என்பதை இன்றே முடிவு செய்யாதீர்கள். புறப்படும் நாள் காலையில் காற்றின் திசையைப் பாருங்கள். அந்தப் பகுதியில் பெரும்பாலும் வீசும் தென்மேற்குக் காற்று என்றால், ஈலியில் கிளம்பி வடக்கே ஓட்டி, மாலையில் லின்னிலிருந்து ரயிலில் திரும்புங்கள். வடக்கிலிருந்து வீசினால், காலையில் ரயிலில் லின் போய் இறங்கித் தெற்கு நோக்கி ஓட்டுங்கள். வழியில் முழங்கால் முரண்டு பிடித்தால், அடுத்த நிலையம் எப்போதும் ஒன்றிரண்டு மணி நேரத் தொலைவுக்குள் இருக்கும். மடிக்க முடியாத சைக்கிள்களை லண்டன் நெரிசல் நேர ரயில்களில் ஏற்ற விடமாட்டார்கள், ஆனால் சனிக்கிழமையில் அந்தக் கட்டுப்பாடு உங்களைப் பாதிக்காது. அந்த வார இறுதியில் தண்டவாளப் பராமரிப்புக்காகப் பேருந்து விடுகிறார்களா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மாற்றுப் பேருந்துகளில் சைக்கிளை ஏற்ற முடியாமல் போகலாம்.

காற்று பின்னாலிருந்து தள்ளினால், 20 கி.மீ. பழகியவருக்கு நாள் முழுவதும் சேர்த்து 50 கி.மீ. என்பது எட்டக்கூடிய தூரம். எதிர்காற்றில் 25 கி.மீ. கூட அவருக்கு அதிகம்.

ஆரக்கால், ஏப்ரல் 28

கரையோரம் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். முழங்காலைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள், ஏனென்றால் பலர் சீட்டின் உயரத்தைச் சரிபார்க்காமலேயே மருத்துவரிடம் ஓடுகிறார்கள்.

சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடிநிலையில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் ஏறக்குறைய நேராக நீள வேண்டும். முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்காலில் தேவையான சிறு மடிப்பு தானாகவே வந்துவிடும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கக்கூடும், பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கக்கூடும். மாற்றுவதென்றால் ஒரே நாளில் ஓர் அங்குலம் ஏற்றாதீர்கள். சில மில்லிமீட்டர் மாற்றி இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்த மாற்றம். கிளம்புவதற்கு முந்தைய இரவு எதையும் தொடவே வேண்டாம்.

கியரை இலேசாக வைத்து, நிமிடத்துக்கு 70 முதல் 80 சுற்று என்ற கணக்கில் காலைச் சுழல விடச் சொல்லுங்கள். சமதரையில் கனமான கியரில் மெதுவாக அழுத்தி மிதிப்பது நமக்குச் சோம்பலான ஓட்டமாகத் தோன்றும், முழங்காலுக்கோ அது சுமை.

டயரைப் பற்றியும் ஒரு சொல். லின் இருக்கும் நார்ஃபோக் மாவட்டத்தின் மண்ணில் சிக்கிமுக்கிக் கல் அதிகம். அதன் சில்லுகள் கத்திபோல இருக்கும், மழை பெய்த மறுநாள் சாலையோரத்தில் அடித்து வரப்பட்டுக் கிடக்கும். ஒருமுறை என் பின் டயரில் இருந்து நகக்கண் அளவே இருந்த ஒரு கறுப்புச் சில்லைப் பிடுங்கினேன். அது டயரின் ரப்பரையும் அடியிலிருந்த நூல்படுகையையும் சவரம் செய்ததுபோல அறுத்திருந்தது. 32 மி.மீ. அல்லது அதற்கு மேல் அகலமுள்ள, உள்ளே பஞ்சர் தடுப்புப் பட்டை கொண்ட டயர் போதும். ஆளுக்கு இரண்டு டியூப் எடுத்துச் செல்லுங்கள். நல்ல வேளையாக நீங்கள் போவது மே மாதம். வேலிகளை வெட்டிச் சீர்படுத்தும் இலையுதிர்காலமாக இருந்தால் முள்ளும் சேர்ந்து படுத்தும்.

செங்கால்நாரை, ஏப்ரல் 28

தேவாலயங்களைப் பற்றி நான் சொல்கிறேன். உங்கள் மனைவி மரச்சிற்பத்தை விரும்புகிறவர் என்றால், இந்த வழியில் அவர் இறங்க வேண்டிய இடம் விகன்ஹால்.

டவுன்ஹாமுக்கும் லின்னுக்கும் நடுவில் ஊஸ் ஆற்றின் இரு கரைகளிலும் விகன்ஹால் என்ற முன்னொட்டுடன் ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஒவ்வொன்றும் தன் தேவாலயத்தின் புனிதர் பெயரையே தாங்கியிருக்கிறது. மேக்டலன், செயின்ட் ஜெர்மன்ஸ், செயின்ட் மேரி, செயின்ட் பீட்டர். இவற்றில் செயின்ட் பீட்டர் கூரை இழந்து ஆற்றோரத்தில் நிற்கும் சிதைவு. செயின்ட் ஜெர்மன்ஸ் தேவாலயத்தில் உட்காரும் பெஞ்சுகளின் பக்கப்பலகைகளில் மனிதப் பாவங்களை ஓக் மரத்தில் செதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு பாவியும் திறந்த ஒரு விலங்கு வாயின் நடுவே நிற்கிறான். பேராசைக்காரன் பணமூட்டையை இறுகப் பிடித்திருக்கிறான். அவன் கால்கள் ஏற்கெனவே பற்களுக்குள் இருக்கின்றன, ஆனால் அவன் முகத்தில் அது தெரிந்ததற்கான அடையாளமே இல்லை. நான் அந்த ஒரு பலகையின் முன் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். செயின்ட் மேரி தேவாலயத்தில் இப்போது வாரந்தோறும் வழிபாடு நடப்பதில்லை. பயன்பாட்டிலிருந்து நீங்கிய தேவாலயங்களைப் பாதுகாக்க 1969இல் தொடங்கப்பட்ட அறக்கட்டளை ஒன்று அதைப் பராமரிக்கிறது. அங்கும் பெஞ்சுச் சிற்பங்கள் தரத்தில் குறைந்தவை அல்ல.

இவ்வளவு சிறிய ஊர்களில் இவ்வளவு பெரிய தேவாலயங்கள் எப்படி வந்தன என்ற கேள்வி வழியெங்கும் எழும். அதற்கு விடை நிலத்திலேயே இருக்கிறது. லின்னைச் சுற்றியும் மேற்கேயும் இருப்பது கடல் கொண்டுவந்து போட்ட வண்டல் நிலம். சற்று மேடானது, வளமானது. இடைக்காலத்திலேயே அங்கே மக்கள் குடியேறி, பயிரிலும் ஆட்டுக்கம்பளியிலும் உப்பிலும் செல்வம் சேர்த்தார்கள். அந்தச் செல்வமே வால்போல் செயின்ட் பீட்டர், டெரிங்டன் செயின்ட் கிளெமென்ட், வெஸ்ட் வால்டன் தேவாலயங்களாக நிற்கிறது. தெற்கே ஈலியைச் சுற்றியிருந்ததோ கரிச்சதுப்பு, அதாவது மட்கிய செடிகொடிகளாலான சதுப்பு. அங்கே ஈலியைப் போன்ற தீவு மேடுகளில் மட்டுமே பழைய தேவாலயங்கள் உண்டு. சதுப்பை வடித்த பிறகு தோன்றிய கரையோர ஊர்களில் நீங்கள் காண்பவை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் எளிய கட்டடங்கள். எனவே கல் கோபுரங்கள் நெருங்கத் தொடங்கினால், காலுக்கடியில் மண் மாறிவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். வண்டலும் கல்லுக்கு முழு உறுதி தருவதில்லை. வெஸ்ட் வால்டனில் 13ஆம் நூற்றாண்டு மணிக்கோபுரம் தேவாலயத்தோடு ஒட்டாமல் சற்றுத் தள்ளித் தனியாக நிற்பதற்கு, அந்த மென்மையான நிலமே காரணம் என்று கருதப்படுகிறது.

திறந்திருக்குமா என்ற கேள்விக்கு: நார்ஃபோக் ஊர்த் தேவாலயங்களில் பல பகல் வேளையில் திறந்தே இருக்கின்றன. பூட்டியிருந்தால், முன்மண்டபத்தில் உள்ள அறிவிப்புப் பலகையில் சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். தயங்காமல் அழையுங்கள். சாவி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் பல ஆண்டுகளாக அந்தக் கட்டடத்தைத் துடைத்துப் பெருக்கி வருபவர்கள், கேட்க வருபவரைக் கண்டு மகிழ்பவர்கள். கதவில் கைப்பிடிக்குப் பதிலாகக் கனமான இரும்பு வளையம் இருக்கும். இழுத்துப் பார்த்துவிட்டுப் பூட்டியிருக்கிறது என்று பலர் திரும்பிவிடுகிறார்கள். வளையத்தைத் திருகித் தள்ள வேண்டும். முன்மண்டபத்தில் கம்பிவலைக் கதவும் இருந்தால் அதை உடனே மூடிவிடுங்கள். உள்ளே புகுந்த பறவைக்கு வெளியே வரத் தெரியாது, சில நாளில் தாகத்திலேயே செத்துப்போகும்.

நெடுவழி, ஏப்ரல் 29

மாறுபட்ட ஒரு கருத்தைப் பதிவு செய்ய அனுமதியுங்கள். சமதரை எளிது என்பதை நான் ஏற்கவில்லை. இலேசான மேடுபள்ளம் உள்ள சாலையில், இறக்கம் வரும்போது மிதிப்பதை நிறுத்திச் சீட்டிலிருந்து சற்று எழலாம், முதுகை நிமிர்த்தலாம். ஃபென் சமவெளியில் அந்த ஓய்வு கிடைப்பதே இல்லை. முதல் மிதியிலிருந்து கடைசி மிதி வரை ஒரே தசை, ஒரே இருக்கை. 30 கி.மீ. ஆனதும் முழங்காலைவிட உட்காருமிடம்தான் பெரும்பாலோருக்கு முதலில் மன்றாடுகிறது. அதோடு அம்புபோல நேராகப் போகும் சாலையில் முன்னேறுகிறோமா இல்லையா என்பதே தெரியாமல் மனம் சோர்ந்துவிடும்.

என் பரிந்துரை, நார்ஃபோக்கின் தென்கிழக்கு மூலை. ஹேல்ஸ், ஹெக்கிங்ஹாம், ஹாடிஸ்கோ என்று நெருங்கிய ஊர்கள், யேர் ஆறு, வேவனி ஆறு, இருபுறமும் உயர்வேலி உள்ள குறுகிய சாலைகள். மேடு இருந்தாலும் அது மேடு என்று சொல்லத்தக்கதல்ல. வேலிகள் காற்றை வெகுவாகத் தடுத்துவிடும். ரீடம் நிலையத்தில் இறங்கி, யேர் ஆற்றைச் சங்கிலியால் இழுக்கப்படும் தோணியில் கடக்கலாம். நார்விச்சுக்கும் கிரேட் யார்மவுத்துக்கும் நடுவில் வண்டிகள் அந்த ஆற்றைக் கடக்க அது ஒன்றே வழி. அக்கரையில் இருந்து 30 கி.மீ. சுற்றுக்குள் வட்டக்கோபுரத் தேவாலயங்கள் பல கிடைக்கும். இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் 180க்கு மேற்பட்ட வட்டக்கோபுரங்களில் 120க்கு மேற்பட்டவை நார்ஃபோக்கில் இருக்கின்றன. மூலைகளைக் கட்ட ஏற்ற கட்டடக்கல் இல்லாத நாட்டில் சிக்கிமுக்கிக் கல்லை வைத்து வட்டமாகக் கட்டினார்கள் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம், அதை மறுக்கும் ஆய்வாளர்களும் உண்டு. ஹேல்ஸ் செயின்ட் மார்கரெட் தேவாலயம் கூரை வேய்ந்த ஒன்று. வயல் நடுவே தனியாக நிற்கும் அதன் நார்மன் வாசல் வளைவைத் தொட்டுப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

கரையோரம், ஏப்ரல் 29

நெடுவழி சொல்லும் இருக்கைப் பிரச்சினை உண்மை, அதை நான் விட்டுவிட்டேன். ஐந்து கி.மீ.-க்கு ஒருமுறை வேண்டுமென்றே பெடலில் எழுந்து நின்று பத்து எண்ணும் வரை உருள விடுங்கள். சமதரை தராத ஓய்வை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். ஹேல்ஸ் பகுதியின் அழகையும் மறுக்கவில்லை.

ஆனால் மனம் சோர்ந்துவிடும் என்பதோடு எனக்கு உடன்பாடில்லை. அங்கே நாம் எதைப் பார்த்துக்கொண்டு போகிறோம் என்று தெரிந்துவிட்டால் அந்த நேர்கோடுகளே பேசத் தொடங்கும். சாலையை ஒட்டிய கரையின் மேலே ஏறிப் பாருங்கள். ஒருபக்கம் ஆறு, மறுபக்கம் வயல், இரண்டில் ஆறுதான் உயரத்தில் இருக்கும். கரையின் அடியில் ஓட்டும்போது, ஒரு படகின் மேல்தளம் நம் தலைக்கு மேலே ஓசையின்றி நகர்ந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர் கார்னீலியஸ் வெர்முய்டன் சதுப்பை வடிக்க நேர்க்கால்வாய்களை வெட்டியபோது நிலமும் ஆறும் இப்படி இருக்கவில்லை. நீர் வடிந்ததும் கரிமண் காய்ந்து, சுருங்கி, காற்றில் கரைந்து கீழே இறங்கியது. ஆறு கரைகளுக்குள் மேலேயே தங்கிவிட்டது. உங்கள் வழியில் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்கிறேன்: ஹோம் ஃபென் என்ற இடத்தில் 1851ஆம் ஆண்டுவாக்கில் தலை நிலமட்டத்தில் இருக்கும்படி புதைத்த இரும்புத் தூண் இன்று சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது.

டென்வரில் மதகின் மேல் சற்று நேரம் நில்லுங்கள். கடல் ஏற்றம் உள்ளே வராமல் ஊஸ் ஆற்றை அடைக்கும் இடம் அது. 1651இல் கட்டிய முதல் மதகை 1713இல் வெள்ளம் உடைத்தது, இப்போதுள்ளதன் பழைய பகுதி 1834இல் கட்டியது. மதகுக்குத் தெற்கே ஆறு அமைதியான நன்னீர். வடக்கே அது சேறு மணக்கும் கடல் கழி, ஒரே நாளில் ஏறி இறங்கும். ஒரு பாலத்தின் இரண்டு கைப்பிடிச் சுவர்களுக்கு நடுவே அந்த மாற்றத்தைக் காணலாம்.

வைகறை, ஏப்ரல் 30

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மனைவியிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பணமூட்டைக்காரனைப் பார்க்காமல் விடப்போவதில்லை என்று சொல்லிவிட்டார், ஆகவே இம்முறை விகன்ஹால் வழியே. கரைமேல் உள்ள பாதையில் போவதா சாலையில் போவதா என்பது மட்டும் இன்னும் தெளிவாகவில்லை.

ஆரக்கால், ஏப்ரல் 30

சாலையிலேயே போங்கள். கரைமேல் இருப்பது பெரும்பாலான இடங்களில் நடப்பவர்களுக்கான புல்பாதை. சைக்கிளில் போக உரிமை இல்லாத நீளங்களும் உண்டு. புல் ஈரமாக இருந்தால் முழங்காலுக்கு அது ஏற்றத்தைவிட மோசம். கேம்பிரிட்ஜிலிருந்து ஈலி வழியாக லின் நோக்கிப் போகும் 11ஆம் எண் தேசிய சைக்கிள் பாதையின் நீலப் பலகைகள் தென்படும் இடங்களில் அவற்றைப் பின்பற்றலாம். எந்தக் காரணத்துக்காகவும் ஏ10 நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.

சாலையில் இரண்டு எச்சரிக்கைகள். கரிமண் மேல் போட்ட தார்ச்சாலை அலை அலையாக நெளிந்திருக்கும். வறண்ட ஆண்டுகளில் சாலையின் நீளவாக்கிலேயே வெடிப்பு விடும். அந்த வெடிப்பு டயரின் அகலத்துக்கு விரிந்திருந்தால் முன்சக்கரம் தண்டவாளத்தில் சிக்கியதுபோல இறங்கிவிடும். எனவே கண் எப்போதும் பத்து மீட்டர் முன்னே இருக்கட்டும், கோபுரத்தை நின்று பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது, சாலையோரத்தில் தடுப்பே இல்லாமல் ஆழமான வாய்க்கால்கள் ஓடுகின்றன. பின்னால் கார் வந்தால் பதறிப்போய்ப் புல்லில் இறங்கக் கூடாது. 2022இல் திருத்திய நெடுஞ்சாலை விதித்தொகுப்பு, மணிக்கு 30 மைல் வரையான வேகத்தில் சைக்கிளைக் கடக்கும் வாகனம் குறைந்தது 1.5 மீட்டர் விலக வேண்டும் என்றும், அதைவிட வேகமாகச் சென்றால் இன்னும் கூடுதலாக விலக வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் இடத்தில் நிலையாக ஓட்டுங்கள். மனைவியை முன்னே விட்டு நீங்கள் பின்னால் வாருங்கள், அவருடைய வேகமே இருவரின் வேகமாக இருக்கும்.

செங்கால்நாரை, மே 2

மற்றொரு செய்தி. இந்தப் பயணம் பிடித்துவிட்டால் செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமையைக் குறித்து வையுங்கள். பழைய தேவாலயங்களின் பழுதுபார்ப்புக்கு நிதி திரட்ட அன்று மாவட்டந்தோறும் சைக்கிளிலும் நடந்தும் தேவாலயம் தேவாலயமாகச் செல்லும் வழக்கம் உண்டு. 1980களில் பக்கத்து மாவட்டமான சஃபோக்கில் வேரூன்றிப் பல மாவட்டங்களுக்குப் பரவியது. அன்று பூட்டிக்கிடக்கும் கதவுகள்கூடத் திறந்திருக்கும், வாசலில் ஒரு மேசையும் பழச்சாறும் பிஸ்கட்டும் கையெழுத்துத் தாளும் காத்திருக்கும்.

வைகறை, ஜூன் 1

நேற்றுப் போய்வந்தோம். எப்படி இருந்தது என்று எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்குப் பார்த்தபோது காற்று வடகிழக்கிலிருந்து வீசியது. கரையோரம் சொன்னது மட்டும் இல்லையென்றால், திட்டமிட்டபடி ஈலியில் கிளம்பி வடக்கே முட்டிக்கொண்டிருப்போம். ரயிலில் லின் போய் இறங்கி, ஒன்பதரை மணிக்குத் தெற்கு நோக்கி ஓட்டத் தொடங்கினோம். காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. ஓட்டும்போது சுற்றிலும் நிசப்தம். அவருடைய சைக்கிள் சங்கிலி ஓடும் ஓசை எனக்குத் தெளிவாகக் கேட்டது.

செயின்ட் ஜெர்மன்ஸில் வளையத்தைத் திருகித் தள்ளியதும் கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை. வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் இருட்டாக இருந்தது, பிறகு பெஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அவர் எதுவும் பேசாமல் முதல் வரிசையிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு பலகையின் முன்னும் நின்றார். பணமூட்டைக்காரனின் அருகே உட்கார்ந்து, அவன் பிடித்திருக்கும் மூட்டையை விரல்நுனியால் தொட்டு, "எத்தனை பேர் தொட்டிருந்தால் இவ்வளவு வழவழப்பு வரும்" என்று கேட்டார். மற்ற மடிப்புகளில் உளியின் தடம் இன்னும் கூர்மையாக இருக்கிறது, மூட்டை மட்டும் கூழாங்கல்லைப்போலத் தேய்ந்திருக்கிறது. அங்கேயே முக்கால் மணி நேரம் போனது. முழங்காலுக்கும் அது தேவைப்பட்டது.

தவறு ஒன்று நடந்தது, அது என்னுடையதே. டவுன்ஹாமில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம் என்று ஒன்றரை லிட்டர் மட்டும் எடுத்துச் சென்றேன். பேச்சுச் சுவாரசியத்தில் ஊருக்குள் திரும்பாமல் நேரே டென்வர் போய்விட்டோம். மதகைத் தாண்டியதும் நிழலும் இல்லை, கடையும் இல்லை. டென் மைல் பேங்க் ஊரில் தோட்டவேலை செய்துகொண்டிருந்த ஒரு மூதாட்டி, நாங்கள் காலிப் புட்டியைக் கையில் வைத்திருப்பதைப் பார்த்துவிட்டுத் தாமே அழைத்து நிரப்பிக் கொடுத்தார். இந்த வழியில் போகிறவர்கள் ஆளுக்கு இரண்டு லிட்டராவது டவுன்ஹாமிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

நெடுவழி ஐயாவுக்கு: உட்காருமிடத்தைப் பற்றி நீங்கள் சொன்னது முழு உண்மை. 35 கி.மீ. தாண்டியதும் இருவருக்கும் வலித்தது, எழுந்து நின்று பத்து எண்ணுவதை அவர் ஐந்து கி.மீ.-க்குப் பதில் இரண்டு கி.மீ.-க்கு ஒருமுறை செய்தார். லிட்டில்போர்ட் நிலையத்தின் முன் நின்று, ரயில் ஏறிவிடலாமா என்று நான் கேட்டேன். ஈலிப் பேராலயத்தின் மேற்குக் கோபுரம் அதற்கு முன்பே தெற்கில் சாம்பல் நிறத்தில் தெரிந்துகொண்டிருந்தது. அதைக் காட்டி, "அது வரைக்கும்" என்றார். அதன் பிறகு கடைசிப் பத்து கி.மீ. முழுவதும் அந்தக் கோபுரமும், 1322இல் நடுக்கோபுரம் இடிந்து விழுந்த இடத்தில் எழுப்பிய எண்கோணமும் மெல்ல மெல்லத் தனித்தனியாகப் பிரிந்து தெரியத் தொடங்கின. ஐந்தரை மணிக்கு வாசலில் சைக்கிளைச் சாய்த்தோம். மொத்தம் 54 கி.மீ.

இன்று காலை முழங்காலில் வீக்கம் இல்லை. ஹேல்ஸ் சுற்றுக்கு ரீடம் தோணியில் சைக்கிளுக்குத் தனிக்கட்டணம் உண்டா, அது எந்த நேரம் வரை ஓடும் என்று அவர் கேட்கச் சொன்னார்.

நெடுவழி, ஜூன் 1

கட்டணம் உண்டு, சிறு தொகைதான். சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். பலத்த காற்றிலும் பழுதுபார்க்கும் நாட்களிலும் தோணியை நிறுத்திவிடுவார்கள். புறப்படும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது, ஏனென்றால் அது ஓடாத நாளில் அக்கரைக்குச் சுற்றிப் போக வேண்டிய வழி மிக நீளம். ஹேல்ஸ் தேவாலயத்தில் மாலை வெயில் வடக்கு வாசல் வளைவின் மேல் சாய்வாக விழும் நேரம் கோடையில்தான் வாய்க்கும். முடிந்தால் இம்மாதமே போங்கள்.